சிரட்டைக்கு வெளியே வடிந்த பால்

என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெஹியோவிட்ட பக்கம் இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். அடைமழையால் வேலை இல்லாத ஒரு பகலில், புவியியல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள்.

"பாக்காம சொல்றேன். விட்டத நீங்க எடுத்துக் குடுங்கப்பா."

மண்சரிவின் அடையாளங்களை ஒப்பித்தாள். "நிலம் வெடிக்கும். ஊத்துத் தண்ணி கலங்கும். அப்புறம் என்னப்பா?"

எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'மரங்கள் சாயும்' என்றிருந்தது. அந்த வரியிலேயே விரலை வைத்து, மறுபடியும் மனசுக்குள் எழுத்துக் கூட்டினேன்.

"எழுத்துத் தெரியலையா? கண்ணாடி போடுங்கன்னா கேக்குறீங்களா?"

நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, மலைச்சரிவில் நான் பால் வெட்டும் மரங்களில், சில வாரங்களாகப் பால் சிரட்டைக்கு வெளியே வடிந்துகொண்டிருந்தது. சிரட்டையை மரத்தோடு கட்டிய கம்பி தளர்ந்துவிட்டதென்று நினைத்து, தினமும் சிரட்டையை நகர்த்திக் கட்டினேன். கம்பி தளரவில்லை. மரம்தான் சாய்ந்துகொண்டிருந்தது.

கூச்சத்தில் யாரிடமும் உரக்கப் பேசாத நான், அன்று ஒவ்வொரு கதவாகத் தட்டி, மலை சரியப் போகிறது, வெளியே வாருங்கள் என்று கத்தினேன்.

"வாயே தொறக்காத அண்ணனுக்குப் பேய் புடிச்சிருச்சு" என்று சிரித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

லயத்துக்கு எதிர்மேட்டில் இருக்கும் மாதா கோயில் முற்றத்தில் நின்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மழை விட்டிருந்தது. காற்றில்லை, ஒரு குருவிச் சத்தமும் இல்லை. என் மரங்கள் நின்றபடியே, மெதுவாக, லயத்தை நோக்கி இறங்கி வந்தன. சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

உயிர்ச்சேதம் இல்லை. மகள் பரீட்சையும் எழுதினாள். அந்தக் கேள்வி வரவில்லையாம்.

அவள் புத்தகத்தை நீட்டாதிருந்தால், மழை விட்டதும் போய்ச் சிரட்டையை இன்னும் கொஞ்சம் நகர்த்திக் கட்டியிருப்பேன். 

எழுதியது: ஒக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை.