காக்காவின் முழங்கால்

மீன் வாடை அடித்த துணிப்பைக்குள் கைவிட்டு, உள்ளங்கை அளவுள்ள ஓர் உலோகத் துண்டை எடுத்து என் மேசைமேல் வைத்தார் அவர். நாகர்கோவிலில் ஒரு மாடியில் இயங்கும் எங்கள் வரைபட அலுவலகத்தில், வளைகுடாக் கம்பெனி ஒன்றுக்காகக் காலையிலிருந்து குழாய்களாக வரைந்து தள்ளி எனக்குக் கழுத்து மரத்துப் போயிருந்தது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தபோதுதான், உடுத்தியிருந்த சாரத்தின் ஒரு பக்கம் வெறுமையாகத் தொங்குவதைக் கவனித்தேன். "இது என் முட்டு, மக்களே. இதுபோல ஒண்ணு வரைஞ்சு தரணும்" என்றார்.

தேங்காய்ப்பட்டணத்துக்காரர். ஊரில் எல்லோருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன். எனக்கும் அப்படியே ஆனார். விசைப்படகில் வலை இழுக்கும் கயிறு சுற்றிக் காலைக் கொண்டுபோய்விட்டது. வளைகுடாவில் இருந்த தம்பி அங்கிருந்து செயற்கைக் கால் ஒன்றை வாங்கி அனுப்பினார். அதை மாட்டிக்கொண்டு காக்கா துறைமுகத்தில் மீன் ஏலம் விட்டு வந்தார். ஏலம் விடுகிறவன் இரண்டு கையாலும் மீனைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஊன்றுகோல் பிடித்தால் ஒரு கை போய்விடும். இப்போது அதன் முட்டு, அதாவது முழங்கால் மூட்டு, உடைந்துவிட்டது. அந்த மாதிரி இனி வராது என்று விற்றவர்கள் கைவிரித்தார்கள். படம் கொண்டுவந்தால் செய்து தருகிறேன் என்றார் கோட்டாறு லேத் பட்டறைக்காரர்.

அந்தத் துண்டில் அச்சு கோர்ப்பதற்குத் துளையிட்ட இரண்டு காதுகள் இருந்திருக்க வேண்டும். ஒன்று முறிந்து கடலில் விழுந்துவிட்டது. இருந்ததை அளந்து முன்பக்கம், மேல்பக்கம், பக்கவாட்டு என மூன்று தோற்றங்களை வரைந்து, இல்லாத காது எப்படி இருந்தது என்று கேட்டேன். கணினித் திரையை வெகுநேரம் பார்த்தார். "இது மூணு சாமான் போலல்லா இருக்கு? எனக்கு ஒண்ணும் பிடிகிட்டல்ல" என்றார். குரலில் வெட்கம் இருந்தது.

அதனால் அதை முழு உருவமாக்கி, நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாகத் தெரியும்படி மூலைவாட்டில் சாய்த்து வைத்தேன். ஐசோமெட்ரிக் என்று நாங்கள் சொல்லும் தோற்றம். நாள் முழுக்கச் செய்து எனக்குச் சலித்துப்போன வேலை அது. காக்கா நாற்காலியை முன்னால் இழுத்தார். "இதுதான். இது என் முட்டுதான்." பிறகு விரலைத் திரைக்குக் கொண்டுபோனார். "ரெண்டும் ஒண்ணுபோல இருக்காது. வெளிப்பக்கத்துக் காதுக்குப் பொக்கம் கொஞ்சம் கொறவு. இந்த விளிம்பு, தரையில இருந்தா தொடையில குத்தும். ராத்திரி அந்த இடத்தைத் தடவிட்டேதான் கிடப்பேன்." அவர் சொன்னபடி காதின் உயரத்தைக் குறைத்தேன். விளிம்பை உருட்டிவிட்டேன். அவர் கேட்கக் கேட்கத் திருப்பித் திருப்பிக் காட்டினேன்.

சில வாரம் கழித்து ஊன்றுகோல் இல்லாமல் மாடியேறி வந்து நின்றார். கையில் எனக்காக ஒரு பொதி மீன். அன்று அலுவலகமே எழுந்து நின்றது. ஆனால் பட்டறையில் கிடைத்த உலோகம் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. மறுபடி உடைந்தது, காதைத் தடிமனாக்கி மறுபடி வரைந்தேன். அடுத்த முறை அச்சுத் துளை தேய்ந்து முட்டு ஆடியது, அதையும் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் அவர் படியேறும் ஓசை மெதுவாகிக்கொண்டே வந்தது. பின்பு அவர் வரவில்லை.

போன மாதம் தேங்காய்ப்பட்டணம் போயிருந்தேன். துறைமுகத்தில் காக்கா கவிழ்த்துப்போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். அவர் மனைவி மீனைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்.

"முட்டு என்னாச்சு காக்கா? இன்னொரு தடவை மாத்திப் பாப்போமே" என்றேன்.

"வேண்டாம் மக்களே. உடையும், வருவேன், வரைவே, பின்னயும் உடையும். எனக்கு மடுத்துப்போச்சு" என்றார். கோபமோ வருத்தமோ இல்லை, வெறும் சலிப்புதான். "நீ இப்பமும் அந்தக் கம்ப்யூட்டருக்க முன்னதான் இருக்கியா? உனக்கு மடுக்கல்லியா?"

மரத்துப்போன கழுத்தைத் தடவிக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மனைவியிடம், "ஏட்டி, அந்தக் காலிப் பெட்டிய இங்கோட்டு எடு. பிள்ள இருக்கட்டும்" என்றார்.

உட்கார்ந்தேன். ஏலம் மறுபடி தொடங்கியது. எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.