தேயிலை வரிப் பாடம்

இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் வாயால் ஒப்புவிக்கும் பரீட்சைதான் பெரிய பரீட்சை. அதனால் பதின்மூன்று வயதான என் மகள் பாடத்தை முதலில் என்னிடம் ஒப்புவிப்பாள். ஒக்டோபர் கடைசி ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, பலெர்மோ நகரத்தின் போர்கோ வெக்கியோப் பகுதியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி அமெரிக்கச் சுதந்திரப் போரைச் சொன்னாள்.

"கடலுக்கு அங்கால இருந்த ராசா அமெரிக்கச் சனத்தின்ர கடதாசிக்கும் தேயிலைக்கும் வரி போட்டார், அம்மா. உங்கட பாராளுமன்றத்தில எங்களுக்காகக் கதைக்க ஆளில்லை, பிறகென்ன வரி எண்டு இவை கேட்டினம்."

"தேயிலை விளையிற நாட்டில பிறந்த எனக்கே தேயிலைப் பாடமோ?"

"பகிடி விடாதேங்கோ. பிறகு மனு எழுதிச்சினம்."

"பதில் வந்திராது" என்றேன். "அவையின்ர சாமானை வாங்காமல் விட்டிருப்பினம். ஊர்வலம் போயிருப்பினம். சனத்தைச் சுட்டிருப்பாங்கள். பிறகு பெடியள் துவக்குத் தூக்கியிருப்பாங்கள்."

அவள் நின்று புத்தகத்தைப் புரட்டினாள். "அப்படித்தான் கிடக்கு. உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

அண்ணாவால் தெரியும். ஊரில் எங்கள் பிரச்சினை வரி இல்லை. படிப்பு, நிலம், மொழி. ஆனால் ஏறிய படிகள் அதே படிகள். மனுவுக்கு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப் போகும்போது என்னையும் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போவான். பதில் வராத ஒவ்வொரு மாதமும் அவன் பேச்சுக் குறைந்தது. ஒரு காலை கணக்குக் கொப்பியை விரித்தபடியே விட்டுவிட்டு இயக்கத்துக்குப் போனான். பிறகு சாவுச் செய்திதான் வந்தது. உடல் வரவில்லை.

பலெர்மோவுக்கு வந்து, பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் விபரம் கேட்டபோது, சகோதரங்கள் ஒருவரும் இல்லை என்றேன். இயக்கத்துக்காரனின் தங்கச்சி என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். கடதாசியில் இல்லாதவன் பிறகு வீட்டிலும் இல்லாமல் போனான். அவன் படத்தைக்கூட நான் மாட்டவில்லை. பிள்ளை வாய் தவறி எங்காவது சொல்லிவிடும் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன்.

"ரேடியோவில கேட்டனான்" என்றேன் மகளிடம்.

"எங்கட குடும்பத்து ஆக்கள் ஆரும் ஊர்ச் சண்டையில செத்தவையோ?"

"ஒருத்தரும் இல்லை."

இரண்டு நாள் கழித்துத் துள்ளிக்கொண்டு வந்தாள். பத்துக்கு ஒன்பது. "ரீச்சர் எங்கட நாட்டுச் சண்டையைப் பற்றியும் கேட்டவ. நல்ல காலம், எங்கட குடும்பத்தில ஒருத்தரும் சாகேல்லை எண்டு சொன்னனான்."

அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். மறுநாள் பொலிதேயாமாப் பக்கம் நான் துப்புரவு வேலை செய்யும் வீட்டில், வீட்டுக்கார சிஞ்ஞோரா கடைக்குப் போன நேரம், குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

மரித்தோர் தினத்தன்று, செத்துப்போன உறவுகள் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருவார்கள் என்பது இந்த ஊர் வழக்கம். நாங்களும் பழகிக்கொண்டோம். பாதாம் மாவில் செய்த பழ வடிவ இனிப்புகளைப் பொட்டலமாக மேசையில் வைத்து, அம்மப்பா தந்தது என்பேன். இந்த முறை இரண்டு பொட்டலம் வைத்தேன்.

"மற்றது ஆர் தந்தது?"

"மாமா. என்ர அண்ணா" என்று தொடங்கி, மனு, சைக்கிள், கொப்பி எல்லாம் சொன்னேன். குவெஸ்தூராவில் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

அவள் பொட்டலத்தை அவிழ்க்கவில்லை. "சாகேக்க மாமாவுக்கு எத்தினை வயசு?"

"பதினேழு."

"என்னைவிட நாலு வயசுதான் கூட" என்றாள்.