லைப்ரரியை முன்னால் வைத்தவன்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை லைனில் போல்ட் இறுக்கத்தைச் சோதிக்கும் கருவிக்கு சி மொழியில் புரோகிராம் எழுதுவது என் வேலை. அன்று காலை புது மாடலுக்காக ஒரு சிறு திருத்தம் செய்து கம்பைல் பண்ணினேன். ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ என்று திரை முழுக்கப் பிழை. முன்பே எழுதி வைத்த ஃபங்ஷன்களின் தொகுப்பான லைப்ரரியில் ஒன்றுகூடக் கணினியின் கண்ணில் படவில்லையாம். லைப்ரரியோ அதே இடத்தில் குத்துக்கல் மாதிரி இருந்தது.

அழித்துவிட்டு மறுபடி போட்டேன். கணினியை அணைத்துப் போட்டேன். எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போனவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

“இன்னா சார், ரெண்டு மணி நேரமா லைன் நிக்குது. மேல கேட்டா நான் இன்னா சொல்றது?” என்று சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார். நான் கம்பைல் பண்ணும் கட்டளையை மறுபடி படிக்க ஆரம்பித்தேன்.

கட்டளையைப் பத்தாவது தடவை படித்தபோதுதான் பார்த்தேன். லைப்ரரியின் பெயர் புரோகிராமின் பெயருக்கு முன்னால் இருந்தது. இரண்டையும் இணைக்கும் லிங்கர் இடமிருந்து வலமாகத்தான் படிக்கும். அதுவரை யாரும் கேட்காத லைப்ரரியைத் தாண்டிப் போய்விடும். பெயரைக் கடைசிக்கு நகர்த்தினேன். பிழை ஒன்றுகூட இல்லை.

போன வாரம்வரை அது கடைசியில்தான் இருந்தது. எங்கள் லைனில் டூலை எடுத்து வைத்த பிறகுதான் பாகம் வரும். அந்தப் பழக்கத்தில், சனிக்கிழமை அதை முன்னுக்குக் கொண்டுவந்து ஒழுங்குபடுத்தியவன் நான்.

லைன் ஓட ஆரம்பித்தது.

“எவன் சார் இப்டி பண்ணி வெச்சது?” என்றார் சூப்பர்வைசர்.

“முன்னாடி இருந்தவரு,” என்றேன்.