ஊரைக் கேட்ட ராஜா

எங்கள் ஊருக்கும் முகாமுக்கும் நடுவே ஒரு கண்மாய்க்கரைதான். இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம், இலங்கைப் போருக்குத் தப்பி வந்தவர்களின் தகரக் கூரை வீடுகள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ் இரண்டு பக்கத்து ஆட்களையும் ஒரே நிறுத்தத்தில்தான் ஏற்றிக்கொள்ளும். நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பக்கத்து அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன்.

அந்த வருஷம் முகாம்காரர்களுக்குக் கான்கிரீட் வீடு கட்டித்தர அரசு முடிவு செய்தது. அதற்காக அளந்து கல் ஊன்றிய இடம் எங்கள் ஊர் ஆடுகள் மேய்கிற புறம்போக்கு. ஊர் கொதித்துப்போனது. கலெக்டர் ஆபீஸுக்கு ஆள் திரட்டிக்கொண்டு போனவர் என் கணவர். மழை ஏமாற்றினால் எங்கள் நிலம் கைவிட்டுவிடும். ஆடுதான் சோறு போடும். அவர் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அந்த முகாமில் எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள்.

தையல் தொழில் அவளுக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடை தைப்பதில் ஆரம்பித்த பழக்கம். என் வயதுதான். அளவெடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவாள். என் கணவர் வந்தால் "வாங்கண்ணே" என்பாள், ஏதோ அது அவள் வீடு போல.

அந்த நேரத்தில் பள்ளியில் நான் ஒரு நாடகம் போட்டதற்கு இந்தச் சண்டை காரணமில்லை. தினமும் செல்போனில் எங்கோ நடக்கும் போரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இடிந்த வீடுகள், மூட்டை முடிச்சோடு நடக்கும் ஜனங்கள், மூடிக் கிடக்கும் எல்லைக் கதவுகள். வகுப்பில் ஒரு மாணவி, "பக்கத்து நாட்டுக்காரங்க ஏன் டீச்சர் கதவத் தொறக்க மாட்டேங்கிறாங்க?" என்று கேட்டாள். கல்லூரியில் படித்த ஒரு பழைய கிரேக்க நாடகம் நினைவுக்கு வந்தது. கடல் கடந்து தப்பி வந்த பெண்கள் அடைக்கலம் கேட்கும் அடையாளமாகக் கம்பளி நூல் சுற்றிய ஆலிவ் கிளைகளைப் பிடித்துக்கொண்டு அந்நிய ஊரின் பலிபீடத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். சேர்த்துக்கொண்டால் துரத்தி வருகிறவர்களோடு போர் வரும், விரட்டினால் பாவம் வரும். ராஜா, நான் தனியாக முடிவு செய்ய மாட்டேன், ஊரைக் கேட்க வேண்டும் என்கிறார்.

மகளிர் தின விழாவுக்கு அதைச் சுருக்கித் தமிழில் எழுதினேன். அடைக்கலம் கேட்கும் பெண்களாக முகாமிலிருந்து சிலர், அவர்களுக்குத் தலைவியாகத் தையல்காரி. ராஜாவாக எங்கள் ஊர் சத்துணவு அமைப்பாளர் அக்கா. மைக் இல்லாமலே பேசக்கூடியவர். ஆலிவ் கிளைக்குப் பதில் வேப்பங்குழை.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் கணவர் கேட்டார்.

"கல்லு ஊன்டுன நேரம் பாத்தா இந்தக் கூத்து?"

"இது ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின கதைங்க."

"அப்ப எதுக்கு இப்பப் போடுற?"

நான் வசனத் தாள்களை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

ஒத்திகை சனிக்கிழமைகளில் வகுப்பறையில் நடந்தது. "கடல் எங்களை நேற்று உங்கள் கரையில் இறக்கிவிட்டது" என்ற வரி வந்ததும் தையல்காரி நின்றுவிட்டாள்.

"இத நான் எப்பிடி டீச்சர் சொல்றது? படகுல வந்தது எங்கட அம்மா. நான் கடலையே தூத்துக்குடிக்குக் கலியாணத்துக்குப் போகேக்கதான் பாத்தனான்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"கடைசியில என்ன நடக்கும்?"

"ஊர் கை தூக்கி ஏத்துக்கிரும். அதோட நான் முடிச்சிருக்கேன்."

"எங்களுக்கு அதுக்குப் பிறகுதானே டீச்சர் எல்லாம் தொடங்கினது" என்றாள். பிறகு வரியை அப்படியே சொன்னாள். நான் அதை மாற்றியிருக்கலாம். கதை கிரேக்கர்களுடையது என்று விட்டுவிட்டேன்.

விழா சாயங்காலம் பள்ளி மைதானத்தில். பெண்கள் முன்னால் தார்ப்பாயில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் வழக்கம்போலப் பின்னால், சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி நின்றார்கள். அவ்வளவு ஆண்கள் ஒரு மகளிர் தினத்துக்கு வந்ததை நான் பார்த்ததில்லை. முகாமைக் கவனிக்கிற போலீஸ்காரரும் மப்டியில் வந்து, பைக்கை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். என் கணவர் ஆண்கள் கூட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பெண்கள் வேப்பங்குழையோடு மேடையேறியபோது முணுமுணுப்பு அடங்கியது. தையல்காரி நன்றாகத்தான் செய்தாள். ராஜா வந்தார், விசாரித்தார், குழம்பினார். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பி, "நான் ஒருவன் இந்தக் கதவைத் திறக்க முடியாது. ஊரைக் கேட்கிறேன்" என்றார்.

அந்த இடத்தில் முன்வரிசைப் பெண்கள் கை தூக்க வேண்டும். சொல்லிவைத்திருந்தேன். அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கேளுங்க. நல்லா கேளுங்க. நெசத்துல ஒருத்தரும் எங்களக் கேக்கல. நாடகத்துலயாவது கேக்குறீகளே!"

என் கணவரின் குரல். மைதானம் முழுக்கத் தலைகள் திரும்பின. ராஜா அக்கா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். பின்னால் ஒருவர், "சொல்லுண்ணே, சொல்லு" என்று ஏற்றிவிட்டார். போலீஸ்காரர் பைக்கிலிருந்து இறங்கினார்.

"எங்க ஆடு எங்க மேயும்? அத அந்த ராஜா சொல்லட்டும்."

தையல்காரி பலிபீடமாகப் போட்டிருந்த பெஞ்சிலிருந்து எழுந்தாள். மேடையின் ஓரத்துக்கு வந்தாள். கீழே ஒத்திகைத் தாளோடு நின்றிருந்த நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"அண்ணே, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. ஆனா ராஜாகிட்டச் சொல்லாதீக. எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

நாடகத் தமிழும் இல்லை, அவள் அம்மாவோடு பேசுகிற தமிழும் இல்லை. அசல் எங்கள் ஊர்ப் பேச்சு.

"நான் ஒரு கப்பல்லயும் வரல. அருப்புக்கோட்ட ஆஸ்பத்திரியிலதான் பொறந்தேன். ஒங்க வீட்டு அடுப்படியில ஒக்காந்து சாப்பிட்டிருக்கேன். மழ பேஞ்சா எங்க வீட்டுத் தகரம் ஒழுகும்னு ஒங்களுக்குத் தெரியும். இப்பச் சொல்லுங்க."

என் கணவர் கையைப் பிரித்தார். ஏதோ சொல்ல வந்தார். "ஒம்மேல எனக்கென்ன..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். அவர் பக்கத்தில் நின்றவர் தரையைப் பார்த்தார். அப்போது தலைமையாசிரியர் ஓடிவந்து மைக்கை அணைத்து, "விழா முடிஞ்சிருச்சு, எல்லாரும் கெளம்புங்க" என்று கத்தினார். ஊர் கை தூக்கவே இல்லை. நாடகம் பாதியில் நின்றது. போலீஸ்காரர் முகாம் பெண்களை மட்டும் நிறுத்தி, வசனம் எழுதிக்கொடுத்தது யார் என்று கேட்டார். நான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்த வம்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் என் கணவர் தட்டில் கைவைத்தபடியே இருந்தார்.

"ஊருக்கு முன்னால என்னய நிக்க வச்சிட்ட."

"நீங்களாத்தான் பேசுனீக."

"ஆமா, நான்தான் பேசுனேன். அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்து வேணாம்னு சொல்ல வரல. அதுக்காக எனக்கு ஆடு வேணாம்னு ஆயிருமா?"

ஆகாது என்றுதான் நானும் நினைத்தேன். அதன் பிறகு பல நாட்கள் எங்களுக்குள் பேச்சு, "மோட்டார் போட்டாச்சா", "பால் வந்திருச்சா" என்ற அளவில்தான் ஓடியது.

கிராம சபையில் விஷயம் வந்தது. முகாம்காரர்களுக்கு அங்கே ஓட்டில்லை, பேசவும் இடமில்லை. இங்கேயே பிறந்தவர்களுக்கும் அதே கதிதான். தையல்காரியும் இன்னும் சில பெண்களும் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலுக்கு வெளியே, புளியமர நிழலில் நின்றார்கள். என் கணவர் எழுந்தார்.

"அவுகளுக்கு வீடு வேணாம்னு நான் சொல்லல" என்றார். "மேய்ச்சல் நெலத்துல வேணாம். ரோட்டோரம் கருவேலம் மண்டிக் கெடக்குல்ல, அத வெட்டி அங்க கட்டுங்க. கல்ல மாத்தி ஊன்டுங்க."

சிலர் அவரைத் திட்டினார்கள். பெண்டாட்டி பேச்சைக் கேட்கிறவன் என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். அவர் உட்காரவில்லை. கடைசியில் அப்படியே எழுதி அனுப்பினார்கள். அதிகாரிகள் இழுத்தடித்து, பிறகு வந்து அளந்தார்கள்.

இப்போது ரோட்டோரம் வீடுகள் எழும்பிவிட்டன. இடம் சின்னது, எல்லோருக்கும் காணாது. பாதிப் பேர் இன்னும் தகரத்துக்கு அடியில்தான். தண்ணீர் உப்பு. லோடு லாரி போனால் ஜன்னல் அதிர்கிறது. தையல்காரிக்கு ஒரு வீடு கிடைத்தது. அவளுடைய அம்மாவுக்கு அந்தச் சத்தத்தில் தூக்கம் வருவதில்லை. ஷெல் அடிக்கிற மாதிரி இருக்கிறதாம்.

அவள் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். என் கணவரைப் பார்த்தால் "வாங்கண்ணே" என்கிறாள். அவரும் "நல்லாருக்கியாத்தா" என்கிறார். ஆனால் வாசலிலேயே அளவெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். ஒருநாள் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

"சாப்பிட்டுட்டுப் போங்களேன். ஏன் உள்ளயே வர மாட்டேங்கிறீங்க?"

"உங்கட வீட்டுச் சோத்தைச் சாட்சிக்கு இழுத்துப்போட்டன், டீச்சர். அத்தனை பேருக்கு முன்னால. இனி எப்பிடி அங்க வந்து இருக்கிறது?"

"அதுல என்ன தப்பு?"

"தப்பில்ல. வெக்கமாக் கிடக்கு."

டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். அடுத்த வருஷம் நாடகம் உண்டா என்று அவளாகவே கேட்டாள். தலைமையாசிரியர் விடமாட்டார் என்றேன்.

"விட்டா எனக்கு ராசா வேசம் தாங்கோ" என்றாள். "ஒருக்கா நானும் யோசிச்சுப் பாக்கோணும், கதவைத் திறக்கிறதோ இல்லையோ எண்டு."

பந்தல்குடியில் யாருக்கோ ஜாக்கெட் கொடுக்க வேண்டும் என்று வேகமாக நடந்தாள். நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.