படத்தில் இல்லாத கயிறு

கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் தொழில். ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னக் கடை. முகப்பரு, தொப்பை, தலைக்கு மேல் ஓடும் மின்கம்பி, பந்தியில் வாயைப் பிளந்தபடி மாட்டிக்கொண்ட சித்தப்பா, எதையும் கம்ப்யூட்டரில் தடயமில்லாமல் அழித்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

எனக்கு வேலை தருகிறவர்களில் ஒருவர் ராஜபாளையத்துப் போட்டோகிராபர். என்னைவிடப் பத்து வயது இளையவர். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ். அவரை மிஞ்ச இந்தப் பக்கம் ஆள் கிடையாது. அவர் ஊருக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரி இருக்கிறது. கீழே ஆழமாகப் பச்சைத் தண்ணீர், பின்னால் மேற்கு மலை. அவுட்டோர் ஷூட் என்றால் எல்லா ஜோடியும் அந்த விளிம்பைத்தான் கேட்கும். மழை பெய்த வாரமென்றால் முடியாது என்பார். காற்று தூக்கினால் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவார். பெண்ணின் ஹீல்ஸைக் கழற்றச் சொல்லி, முதலில் தான் போய் நின்று மிதித்துப் பார்த்து, பிறகு இருவர் இடுப்பிலும் கயிறு கட்டி, மறுமுனையை வேப்பமரத்தில் முடிச்சுப் போடுவார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். முடிச்சை அவர் மூன்று தடவை இழுத்துப் பார்த்ததில் எனக்கே அலுத்துவிட்டது. படம் வந்ததும் அந்தக் கயிற்றை அழிப்பது என் வேலை.

அப்படி அழித்த ஒரு படத்தை மாப்பிள்ளையின் கூட்டாளிகள் பிளக்ஸ் அடித்து எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கட்டினார்கள். போகும்போதும் வரும்போதும் அண்ணாந்து பார்ப்பேன். கயிறு இருந்த இடத்தை எவனாவது கண்டுபிடிக்கட்டும் பார்ப்போம் என்று அத்தனை பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மம்சாபுரத்தில் இருக்கும் என் தங்கை மகளிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. அவளுக்கு நிச்சயமாகியிருந்தது, மாப்பிள்ளை பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தார். தோழி யாரோ எடுத்த படம். அதே குவாரி விளிம்பில் இருவரும் கைகோத்து, வெளிப்பக்கம் சாய்ந்து நின்றார்கள். அவள் காலில் ஹீல்ஸ். முதல் நாள்தான் நல்ல மழை. படத்தைப் பெரிதாக்கி இடுப்பைப் பார்த்தேன். அழித்துப் பழகிய கண்ணுக்கு, அழித்ததா இல்லாததா என்று தெரியாதா? கயிறே கட்டவில்லை.

உடனே கூப்பிட்டேன். "ஏட்டி, எங்க நிக்க?"

"இங்கதான் மாமா. இன்னும் ரெண்டு படம் எடுத்துட்டு வாரோம்."

"மொதல்ல பின்னால வா. மரத்துக்கிட்ட வந்து பொறவு பேசு."

மரத்தடிக்கு வந்துவிட்டேன் என்று அவள் சொல்லும்வரை நான் போனை வைக்கவில்லை. அவளுக்கோ கோபம். "பிளக்ஸ்ல அவியளும் சும்மாதான நிக்காவ?"

"அவியளுக்குக் கயிறு கட்டியிருந்துச்சு."

"படத்துல இல்லயே, மாமா?"

அதை அழித்தவனே நான். வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே போட்டோகிராபரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பழியை என் தலையில் கட்டியிருக்கலாம். "அழிக்கச் சொன்னது நாந்தான அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார். உச்சி வெயிலில் ஏணி போட்டு ஏறி, தன் கையாலேயே பிளக்ஸை அவிழ்த்தார். கூட்டாளிகள் சண்டைக்கு வந்தார்கள். "கயிறோட புதுசா அடிச்சுத் தாரேன்" என்றார். சொன்னபடி மூன்றாம் நாளே கட்டினார். தன் கடையின் கண்ணாடியிலும் கயிறு தெரியும் படத்தையே மாட்டினார். அந்த மனுசனை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. கயிற்றை அழித்தால்தான் ஆர்டர் என்று அடம்பிடித்தவர்களை வேறு கடைக்கே போகச் சொல்லிவிட்டார்.

தங்கை மகளின் அவுட்டோர் படங்களையும் அவர்தான் எடுத்தார், மழை விட்டு மண் காய்ந்த பிறகு, அதே இடத்தில், அவளை வெறுங்காலோடு நிற்கவைத்து. ஆல்பம் வேலை என்னுடையது. மாப்பிள்ளையின் கன்னத்துத் தழும்பை அழித்தேன். மூலையில் கிடந்த செருப்பை அழித்தேன். அவள் இடுப்பிலிருந்து வேப்பமரம் வரை ஓடிய கயிறு வெயிலில் சற்று வெளிறித் தெரிந்தது. அதற்கு மட்டும் நிறம் கூட்டினேன்.