அட்டையின் மறுபக்கம்

சேவை மனப்பான்மை என்றெல்லாம் பெரிதாக எதுவும் இல்லை. மாதத்தில் இரண்டு நாளாவது ஸ்ரீரங்கத்து வீட்டை விட்டு வெளியே போக எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. கண் அழுத்த நோயால் என் கணவருக்குப் பார்வை போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் பல மாதம் அவர் அதை என்னிடம் மறைத்தார். காலையில் டிவி செய்தியைக் கேட்டுவிட்டு, பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அதையே எனக்குப் படித்துக் காட்டுவார். நானும் அடுப்படியில் இருந்தபடி உம் கொட்டினேன். "முன்னாடியே வந்திருக்கலாமே" என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கணவர்மேல் கோபம் வந்தது. அதோடு சரி. அதன் பிறகு எதுவும் வரவில்லை, அழுகைகூட.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதிக்கும் குழுவில் இப்படித்தான் சேர்ந்தேன். ஒரு நாள் பயிற்சி. பிள்ளையை இருபது அடி தள்ளி நிறுத்தி, ஒரு கண்ணை மூடச் சொல்லி, சுவரில் மாட்டிய அட்டையின் எழுத்துகளைப் படிக்கச் சொல்ல வேண்டும். பிறகு மறு கண். அட்டையின் இரண்டு பக்கமும் வேறு வேறு எழுத்துகள். ஐந்து பிள்ளைக்கு ஒருமுறை திருப்பி மாட்டுங்கள், காத்திருப்பவர்களை வெளியே உட்கார வையுங்கள் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டு சொன்னார்கள்.

துறையூர் தாண்டி ஒரு பள்ளி. வெயில் கொளுத்தியதால் ஆறாம் வகுப்பு முழுவதையும் வகுப்பறைக்குள்ளேயே வரிசையாக உட்காரச் சொல்லிவிட்டேன். அட்டையைத் திருப்ப எழுந்து போக வேண்டும், போகவில்லை. மறதி என்று சொல்லமாட்டேன். எதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் சொன்னார்கள், நான் டிக் போட்டேன். காத்திருந்தவர்களின் உதடுகள் வாய்ப்பாடு சொல்வதுபோல அசைந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்தும் டிக் போட்டேன்.

கடைசியாக வந்தவள் எண்ணெய் வழிய இரட்டைச் சடை போட்ட ஒரு பெண். இடது கண்ணை மூடிக்கொண்டு தடுமாறாமல் கடைசி வரி வரை சொன்னாள்.

"கை மாத்திக்கம்மா" என்றேன்.

அவள் கையை மாற்றும்போது மின்விசிறிக் காற்றில் அட்டை ஆணியிலிருந்து நழுவி விழுந்தது. நான் போய்க் குனிந்து எடுத்தேன். பின்னால் அவள் குரல் கேட்டது. "ப, ட, ம..." அட்டை என் கையில் இருந்தது. அவள் வெறும் சுவரைப் பார்த்துக் கடைசி வரி வரை ஒப்பித்து முடித்தாள். வகுப்பே சிரித்தது. அதட்டினேன்.

மறுபக்கத்தைத் திருப்பி மாட்டி, எல்லாவற்றுக்கும் மேலே உள்ளங்கை அகலத்துக்கு இருந்த எழுத்தைக் காட்டினேன். கையை எடுத்துவிட்டு இரண்டு கண்ணாலும் பார்த்தும் அவளுக்குத் தெரியவில்லை. முன்னால் வரச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் வரச் சொன்னேன். சுவருக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னாள்.

"தெரியலைன்னு ஏம்மா சொல்லல?"

"பரீட்சைன்னு நெனச்சேன் டீச்சர். அதான் மனப்பாடம் பண்ணிட்டேன்." பிறகு முகம் சுருங்கி, "தப்பா சொல்லிட்டேனா?" என்றாள்.

"இல்லம்மா. ஒரு எழுத்துகூடத் தப்பில்ல."

ஆஸ்பத்திரிக்கு அவள் பெயரில் சீட்டு எழுதினேன். போட்ட டிக்குகளை எல்லாம் அடித்துவிட்டு, பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்து, ஒவ்வொருவராக முதலிலிருந்து தொடங்கினேன்.

வீடு திரும்பத் தாமதமாகிவிட்டது. ஏன் என்று கேட்ட கணவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"கண்ணாடி போட்டா அந்தப் பொண்ணுக்குச் சரியாயிடுமா?"

"சரியாயிடும்னுதான் நெனக்கிறேன். டாக்டர் பாக்கணும்."

"நல்லவேளை, அட்டை விழுந்துச்சு" என்றார்.

எங்கள் வீட்டில் எதுவும் விழவில்லை. அடுப்படியிலிருந்து நான் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதும். இத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"வெயில்ல நின்னியா? ஜலதோஷமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.