தூங்கிப்போன பக்கம்

போன மழையில் எனக்கு இருமல் வந்தபோது, முதுகில் குழலை வைத்துக் கேட்ட டாக்டர், ஆன்டிபயாடிக் வேண்டாம், தானாகவே சரியாகும் என்றார். மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ அப்பாவின் முதுகு ஞாபகம் வந்தது.

அப்பா கோயில் பேண்டில் கிளாரினெட் வாசிப்பவர். ஒரு வருஷம் மாதா தேர் நெருங்கும் நேரத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர், வெந்நீர் குடித்துப் படுக்கட்டும் என்று எழுந்துவிட்டார்.

"முசே, ஒரு பென்சிலின் ஊசி போட்டு உடுங்க. தேருக்கு ஊதணும் இவரு," என்றாள் அம்மா. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்; டாக்டர் ஐயாவை முசே என்றுதான் கூப்பிடுவாள்.

"ரெண்டு பக்கமும் காத்து நல்லா போவுதும்மா. இதுக்கு ஊசி கேக்காது. காய்ச்சல் ஏறினா, மூச்சு வாங்கினா சொல்லி அனுப்புங்க."

அவர் தெரு திரும்பியதும், "ஊசி போடாத டாக்டருக்குப் பெட்டி எதுக்காம்?" என்றாள். அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

எனக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவின் முதுகில் காதை வைத்துப் படுத்துக்கொள்வேன். உள்ளே விசில் கேட்கும், பூனை கேட்கும், துறைமுகப் பாலத்தடியில் மோதும் அலை கேட்கும். அப்படியே கண் சொக்கும். கனவில் அப்பா தண்ணீருக்குள் நின்று ஊதுவார்.

ஒருநாள் முதுகு சுட்டது. வலப்பக்கம், கீழே, சத்தமே இல்லை. பாவம், அசந்து தூங்குகிறது என்று நினைத்தேன். எழுப்பிவிடக் கூடாதே என்று கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தேன்.

அம்மா ஆளனுப்ப, டாக்டர் வந்தார். கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்து, "அப்பா உள்ள என்ன பாட்டு ஓடுது பாப்பா?" என்றார் விளையாட்டாக. வெளியாட்களிடம் வாயே திறக்காத நான் எப்படியோ திறந்தேன்.

"இந்தப் பக்கம் தூங்குது. எழுப்பிடாதீங்க."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. நான் காட்டிய இடத்திலேயே குழலை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"இந்தப் பக்கம் காத்தே போவல. இப்பத்தாம்மா ஊசி வேணும். தண்ணி கொதிக்க வைங்க."

கேட்ட ஊசி கிடைத்தும் அம்மாவுக்குச் சந்தோஷமில்லை. ஜெபமாலையை இறுக்கிக்கொண்டு அடுப்படியில் நின்றாள்.

தேர் அப்பா இல்லாமலே போயிற்று. அதற்கப்புறம் ஒரு மத்தியானம், அந்தப் பக்கம் மறுபடியும் கரகரவென்றது. "அம்மா, முழிச்சிக்கிச்சு," என்றேன், வருத்தமாக.

அம்மா ஓடிவந்து, என்னைத் தள்ளிவிட்டு, தன் காதை வைத்தாள். எடுக்கவே இல்லை. இவ்வளவு அசிங்கமான சத்தத்தைக் கேட்டு யாராவது அழுவார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.